மணி அடித்தால் எத்தனை நிமிடம்?

தொண்ணூற்று நான்கு! சொல்லிவிடலாம், ஒரே மூச்சில். எழுதிவிடலாம், இரண்டே இலக்கத்தில். ஆனால் அந்த இரண்டு இலக்கத்துக்குள்ளே அடங்கிக் கிடப்பவை 94 புத்தகப் பைகள், 94 சீருடைகள், "சாயங்காலம் வந்துவிடும்" என்று வழியனுப்பி வைத்த தாய்மார்களின் ஓயாத ஓலம்.

2004-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள். ஊர், கும்பகோணம். காலையில் கைப்பிடித்துக் கொண்டுபோய்ப் பள்ளி வாசலிலே விட்டுவந்த பிள்ளைகளை, பகலுணவு வேளைக்கு முன்பே தீ தின்றுவிட்டது. சமையற்கட்டிலே கிளம்பிய நெருப்பு, ஓலைக் கூரைக்குத் தாவிற்று. மேல்தளத்திலே கூரை, கூரைக்குக் கீழே குழந்தைகள், இறங்கி வருவதற்கோ ஒடுங்கிய படிக்கட்டு. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள்! பெயர்ப் பலகை மூன்று. தப்பிக்க வழியோ ஒன்றுகூட ஒழுங்காக இல்லை.

விதி என்றார்கள் சிலர்.

ஆம், தோழர்களே! விதிதான். ஆனால் தலையிலே எழுதிய விதியல்ல. தாளிலே எழுதிய விதி! பிள்ளைகள் கூடும் கட்டடம் எப்படி இருக்கவேண்டும், வாசல் எத்தனை வேண்டும், அடுப்பு எங்கே இருக்கலாகாது என்று எழுதிவைத்த விதி. எழுதியவர் எழுதினார், பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை, பார்த்தவரும் பாராதவர்போல் போனார். அந்த விதி மீறப்பட்டது. அதன் விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள். முன்னதற்கு மன்னிப்பும் கிடையாது, மருந்தும் கிடையாது என்பார்கள். பின்னதற்கு இரண்டும் உண்டு: தண்டனை உண்டு, தடுப்பும் உண்டு.

தண்டனை பத்தாண்டு கழித்து வந்தது. 2014-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், தஞ்சை நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது, பதினொருவரை விடுவித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தண்டனையிலும் பல குறைந்தன. வழக்கைப் பற்றி அதற்குமேல் நாம் பேசவரவில்லை. நாம் கேட்க வந்தது தடுப்பைப் பற்றி. இன்று, இந்த வாரம், உங்கள் பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பறையைப் பற்றி.

காகிதம் காக்குமா?

கும்பகோணத்துக்குப் பிறகு உத்தரவுகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளிகளின் ஓலைக் கூரைகளை அகற்றச் சொன்னது அரசு, அகற்றவும் செய்தார்கள். 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லிற்று: கல்வி பெறும் உரிமை என்றாலே, அச்சமின்றிப் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமை என்றே பொருள் என்று. தீயணைப்புக் கருவி வேண்டும், ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளி ஏற்பு பெறவேண்டுமானால் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று என நான்கு காகிதம் காட்டவேண்டும்.

நல்லது. காகிதம் தேவைதான், வேண்டாம் என்பார் யார்? ஆனால் காகிதம் ஒருநாள் நிலையைச் சொல்லும். கட்டடமோ நாள்தோறும் மாறும். சான்று வாங்கிய மறுமாதம் இரண்டாம் வாசலுக்கு முன்னே உடைந்த பெஞ்சுகளை அடுக்கினால், சான்று எழுந்து சென்று பெஞ்சை நகர்த்துமா?

அமெரிக்காவிலே, சிகாகோ நகரிலே, 1958-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் ஒரு மாதாகோயில் பள்ளி எரிந்தது. 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரீகளும் மாண்டனர். அந்தப் பள்ளிக்குச் சான்று இல்லையா? இருந்தது! அதே ஆண்டு அக்டோபரில்தான் சோதனை நடந்து, தேர்ச்சியும் பெற்றிருந்தது. புதுக் கட்டடங்களுக்கு வேண்டிய காவல் ஏற்பாடுகள் பழைய கட்டடத்துக்கு வேண்டியதில்லை என்று சட்டம் சலுகை தந்திருந்தது. சட்டம் சலுகை தரலாம், தீ தருமா? அடித்தளத்திலே பிடித்த நெருப்பு, அடைப்பில்லாத படிக்கட்டு வழியே மேல்மாடிக்கு ஏறிற்று. சோதனையில் தேறிய பள்ளி, தீயிடம் தோற்றது.

ஆகவே நாம் சொல்கிறோம்: ஒரு பள்ளியின் ஆயத்தம் அலுவலக அலமாரியிலே இல்லை. அது அந்தப் பள்ளியிலே படிக்கும் ஐந்து வயதுக் குழந்தையின் கால்களிலே இருக்கிறது. ஆபத்து மணி அடித்ததும் அந்தக் கால்கள் எந்தப் பக்கம் திரும்பும்? எத்தனை நிமிடத்தில் வெட்டவெளியை எட்டும்? இதற்கு விடை தெரிந்த பள்ளி ஆயத்தமான பள்ளி. தெரியாத பள்ளி, எத்தனை சட்டம்போட்ட சான்று சுவரில் தொங்கினாலும், ஆயத்தமில்லாத பள்ளி!

ஒரே கடல், இரண்டு பள்ளி

கும்பகோணம் எரிந்த அதே 2004-இல், டிசம்பர் 26-ஆம் நாள் கடல் எழுந்து வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று ஞாயிற்றுக்கிழமை, கரையோரப் பள்ளிகளிலே வகுப்பு இல்லை. வகுப்பறைக்குள்ளே பிள்ளைகள் சிக்காமற் போனதற்குக் காரணம் நம் ஏற்பாடா? இல்லை, நாட்காட்டி! வேலைநாளாக இருந்திருந்தால்?

அந்தக் கேள்விக்கு ஜப்பான் நாட்டிலே விடை கிடைத்தது, கொடிய விடை. 2011-ஆம் ஆண்டு மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2 மணி 46 நிமிடம். பூமி நடுங்கிற்று. இஷினோமாகி நகரத்தைச் சேர்ந்த ஒகாவா தொடக்கப்பள்ளி, கடலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் உள்ளே, ஆற்றங்கரையில் இருந்தது. நடுக்கத்தில் பள்ளிக் கட்டடம் விழவில்லை. ஆசிரியர்கள் கடமை தவறவில்லை. பிள்ளைகளை ஒழுங்காக வெளியே அழைத்துவந்து விளையாட்டுத் திடலிலே நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள், நிறுத்தினார்கள், ஏறத்தாழ ஐம்பது நிமிடம் நிறுத்தியே வைத்திருந்தார்கள்!

பள்ளிக்குப் பின்னால் மலை. வாடிக்கையாகப் பிள்ளைகள் ஏறிப் பழகிய மலை. "மலைக்குப் போவோம்" என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் எங்கே போவது என்று முன்கூட்டி முடிவு செய்து வைத்தவர் எவருமில்லை. பள்ளியின் பேரிடர்க் கையேட்டைப் புரட்டினால், அருகிலுள்ள காலி நிலம், பூங்கா போன்ற இடத்துக்குச் செல்க என்றிருந்தது. எந்தக் காலி நிலம்? எந்தப் பூங்கா? கையேட்டுக்கே தெரியாது! வெள்ள அபாய வரைபடமோ, இங்கே கடல் வராது என்றது. கடைசி நேரத்தில் கிளம்பினார்கள். மலைப் பக்கமல்ல, ஆற்றுப் பாலத்துப் பக்கம். அலை எதிரே வந்தது. 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் போயினர். அந்நேரம் பள்ளியிலிருந்த ஆசிரியர்களில் ஒருவர் மட்டுமே பிழைத்தார்.

கவனியுங்கள், தோழர்களே! அங்கே பணம் இல்லாமலில்லை. கட்டடம் உறுதி. ஆசிரியர் உண்டு. கையேடு உண்டு. நேரமும் உண்டு, ஐம்பது நிமிடம்! இல்லாதது ஒன்றே ஒன்று: நடந்து பார்த்த வழி.

பெற்றோர் சும்மா இருக்கவில்லை. வழக்குத் தொடுத்தனர். 2018-இல் செண்டாய் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று: குற்றம் அன்றைய குழப்பத்திலே மட்டுமல்ல, அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது, இடமும் வழியும் குறித்துக் கையேட்டைத் திருத்தாமல் விட்டதிலே, அதைத் திருத்தச் சொல்லாமல் கல்வித் துறை விட்டதிலே இருக்கிறது என்று. 2019-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் அதை மாற்ற மறுத்துவிட்டது. திடலிலே தவித்துநின்ற ஆசிரியரோடு நிற்காமல், மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்தவர்மீதும் விரல் நீட்டிய தீர்ப்பு அது.

இனி மற்றொரு பள்ளியைக் காணுங்கள். அதே நாள், அதே நடுக்கம், அதே கடல். கமாய்ஷி என்ற ஊர். அங்கே உனோசுமாய் என்னும் பகுதியிலே ஒரு தொடக்கப்பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் அடுத்தடுத்து இருந்தன. அவற்றையும் வரைபடம் அபாயப் பகுதிக்கு வெளியேதான் காட்டிற்று! ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேராசிரியர் கட்டாடா என்பவர் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வந்திருந்தார். பாடம் மூன்றே வரி: வரைபடத்தை நம்பி இருந்துவிடாதே, உன்னால் இயன்றதெல்லாம் செய், முதலில் ஓடுபவன் நீயாக இரு.

ஓடினார்கள் நடுநிலைப் பள்ளி மாணவர்கள். அவர்கள் ஓடுவதைக் கண்டு, மாடியிலே கூடியிருந்த தொடக்கப்பள்ளிச் சிறுவர்களும் இறங்கி ஓடினார்கள். பெரியவன் சிறியவன் கையைப் பிடித்தான். குறித்துவைத்த இடத்தை அடைந்தனர். அங்கே மலைச்சரிவு இடிந்திருப்பதைக் கண்டதும், இதுவும் போதாது என்று மேலும் மேலே ஓடினர். பின்னால் திரும்பிப் பார்த்தபோது பள்ளியைக் கடல் விழுங்கிக் கொண்டிருந்தது. பள்ளியிலிருந்து ஓடிய அந்தப் பிள்ளைகள் ஏறத்தாழ அறுநூறு பேரும் பிழைத்தார்கள்.

ஒகாவாவிலும் நல்ல ஆசிரியர். கமாய்ஷியிலும் நல்ல ஆசிரியர். இரு ஊரிலும் வரைபடம் பொய்த்தது. வேறுபாடு எங்கே? ஒன்றிலே வழி காகிதத்திலும் இல்லை, காலிலும் இல்லை. மற்றொன்றிலே வழி காலிலே இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டி சொன்னதைத்தான் பசிபிக் பெருங்கடல் மீண்டும் சொல்லிச் சென்றது.

அளந்து பாருங்கள்

சரி, நம்மூர்ப் பள்ளியை எப்படி அளப்பது? பொறியாளர் வேண்டுமா, பட்டம் வேண்டுமா? வேண்டாம். கண் வேண்டும், கைக்கடிகாரம் வேண்டும், கேட்கும் துணிவு வேண்டும்.

முதலில் மேலே பாருங்கள். கூரை என்ன கூரை? காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா? சுவர் ஈரம் குடித்து உப்பிக் கிடக்கிறதா? வகுப்பறையோடு நின்றுவிடாதீர்கள், கழிப்பறைச் சுவரையும் பாருங்கள். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், திருநெல்வேலியிலே ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிர் நீத்தனர். அதற்குப் பிறகே மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து, பழுதானவற்றை இடிக்கச் சொல்லி ஆணை பிறந்தது. ஆணைக்கு முன்னால் உயிர் போகவேண்டும் என்று ஒரு நியதி இருக்கிறதோ, இந்த நாட்டிலே!

அடுத்து அடுப்பு. சோறு போடுவதாலேதான் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். ஆகவே அடுப்பை அணைக்கச் சொல்லமாட்டோம். ஆனால் அடுப்பு வகுப்பறைக்கு எத்தனை தொலைவு? கேஸ் சிலிண்டர் வெளியே காற்றாட இருக்கிறதா, உள்ளே விறகுக்கும் எண்ணெய்க்கும் நடுவே இருக்கிறதா? சமையற்காரம்மாவுக்கு அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள், பற்றினால் அணைக்கச் சொல்லிக் கொடுத்தார்களா?

அடுத்து கதவு. வகுப்பறையிலிருந்து வெளியேற எத்தனை வழி? மாடியிலிருந்து இறங்க எத்தனை படி? கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? அறுபது பிள்ளைகள் மோதி நிற்கையில், உள்பக்கம் இழுத்துத் திறக்கவேண்டிய கதவு கதவாகாது, சுவராகும். இரும்புக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா? பூட்டின் சாவி யாரிடம்? சாவி வைத்திருப்பவர் தேநீர் குடிக்கப் போனால்?

இங்கே நம் ஆலைத் தொழிலாளத் தோழருக்கு ஒரு சொல். தொழிற்சாலையில் ஆள் உள்ளே இருக்கும்போது வெளியேறும் கதவைப் பூட்டக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. எந்திரத்துக்குக் காப்புக் கம்பி வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர் நீங்கள். கொதிகலன் பக்கத்திலே மணல் வாளி இல்லையென்றால், வேலை ஓடாது என்று சொன்னவர் நீங்கள். உங்கள் பட்டறைக்குக் கேட்டுப் பெற்ற அதே கதவை, உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்குக் கேட்க நா எழவில்லையா?

சுவரிலே சிவப்பாய்த் தொங்கும் தீயணைப்புக் கருவியையும் விட்டுவிடாதீர்கள். அதன் கழுத்திலே ஒரு சீட்டு இருக்கும். கடைசியாகச் சோதித்த நாள் அதிலே இருக்கவேண்டும். முள் பச்சைக் கோட்டிலே நிற்கவேண்டும். இரண்டும் சரியா? பின்னர் பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கேளுங்கள்: "அய்யா, இதை இயக்கத் தெரியுமா?" தெரியாது என்றால் அவரைக் குறைசொல்லாதீர்கள், கற்றுக்கொடாதவரைக் கேளுங்கள்.

இவையெல்லாம் கண்ணால் அளப்பவை. கடைசி அளவை, முதன்மையான அளவை, கடிகாரத்தால் அளப்பது. ஒத்திகை!

ஒத்திகை என்றால், அமைச்சர் வருகிறார் என்று வரிசைகட்டி நிறுத்திப் படம் பிடிப்பதல்ல. எந்த நாள் என்று பிள்ளைக்கும் தெரியாமல், எந்த வகுப்பு வேளை என்று ஆசிரியருக்கும் தெரியாமல் ஆபத்து மணி அடிக்கவேண்டும். பாட மணி வேறு, ஆபத்து மணி வேறு என்று காதுக்குத் தெரியவேண்டும். மின்சாரம் இல்லாவிட்டாலும் அடிக்கும் மணியாக இருக்கவேண்டும். பிள்ளைகள் பையை விட்டுவிட்டு, ஓடித் தள்ளாமல், வரிசையாய் வெளியேறவேண்டும். குறித்த மரத்தடிக்கு வரவேண்டும். வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஆசிரியர் பெயர் அழைத்து எண்ணவேண்டும். கழிப்பறைக்குப் போன பிள்ளை எங்கே என்று தேட ஆள் இருக்கவேண்டும். நடக்க இயலாத பிள்ளையைத் தூக்கிவருவது யார் என்று முன்பே பெயர் குறித்திருக்க வேண்டும். 101-க்கும் 108-க்கும் பேசுவது யார் பொறுப்பு என்று இருக்கவேண்டும். கடைசிப் பிள்ளையை எண்ணி முடிக்கும்வரை எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஏட்டிலே எழுதவேண்டும். அடுத்த முறை அது குறைந்ததா என்று பார்க்கவேண்டும்.

அதோடு, ஊருக்கு ஏற்ற ஒத்திகை வேண்டும். கடற்கரைப் பள்ளி மேட்டுக்கு ஓடிப் பார்க்கவேண்டும். ஆற்றோரப் பள்ளி வெள்ளத்துக்கு வழி பார்க்கவேண்டும். மலையூர்ப் பள்ளி மண்சரிவை நினைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கையேட்டை அச்சடித்து அனுப்பினால், ஒகாவாவின் பூங்காவைத் தேடிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்!

"பிள்ளைகள் பயப்படுமே!"

இப்படிச் சொல்வோர் உண்டு. பயம் எதனால் வரும்? தெரியாததனால் வரும். சாலையைக் கடக்கக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை சாலைக்குப் பயப்படுகிறதா? நீச்சல் கற்ற பிள்ளை தண்ணீருக்குப் பயப்படுகிறதா? பாடநேரம் வீணாகும் என்பார் சிலர். மாதத்திலே ஒருநாள் பதினைந்து நிமிடம். அதைவிட நீண்ட நேரம் நம் பிள்ளைகள் விருந்தினர் வருகைக்காக வெயிலில் நின்றிருக்கிறார்கள்!

செலவு என்பார் வேறு சிலர். சுவரைக் கட்டச் செலவுண்டு. இரண்டாம் படி எழுப்பச் செலவுண்டு. அந்தச் செலவை ஏழைப் பள்ளியின் தலைமையாசிரியர் தலையிலே சுமத்துவது நியாயமல்ல. பழுது பார்க்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதிவிட்டு விடைவராமல் காத்திருக்கும் தலைமையாசிரியரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்காக நாம் எழுதவில்லை. அவர் கையை வலுப்படுத்தவே எழுதுகிறோம். பணம் தரவேண்டியது அரசு. உதவிபெறும் பள்ளியானால் நிர்வாகமும் சேர்ந்து. ஆனால் கதவுக்கு முன்னால் கிடக்கும் பெஞ்சை நகர்த்தச் செலவு எவ்வளவு? பூட்டைக் கழற்ற நிதி ஒதுக்கீடு வேண்டுமா? மணி அடித்து எண்ணிப் பார்க்க எந்தத் துறையின் ஒப்புதல் வேண்டும்?

கேட்கும் உரிமை உங்களுடையது

"நாம் கேட்டால் மதிப்பார்களா?" என்று ஒதுங்கி நிற்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர்! உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். மில்லுக்குப் போகும் அப்பாவுக்கும், நாற்று நடப் போகும் அம்மாவுக்கும் அந்தக் குழுவிலே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது சட்டம். அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால், பிழை சட்டத்தினுடையது அல்ல. தனியார் பள்ளியா? கட்டணம் கட்டும் பெற்றோர் நான்கு சான்றையும் காட்டச் சொல்லலாம். மறுத்தால், கல்வி அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதி நகல் கேட்கலாம்.

தேர்வு முடிவு வந்ததும் எத்தனை பேர் தேறினர் என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்கவாவது, முதலில் பிள்ளை வீடு திரும்பவேண்டும் அல்லவா? எட்டுத் தலைமுறையாக ஏடு தொடாத வீடுகளிலிருந்து புறப்பட்டு, பை சுமந்து போகிறது அந்தப் பிள்ளை. பட்டினி கிடந்து, பாத்திரம் அடகுவைத்து அனுப்புகிறாள் தாய். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு நாம் தரவேண்டிய முதற் பாடம், திறந்த கதவு.

ஆகவே, தோழர்களே, அடுத்து வரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். தனியே போகவேண்டாம், தெருவிலே நான்கு பேராகப் போங்கள். சண்டைக்குப் போகவேண்டாம், வணக்கம் சொல்லிப் போங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். கடைசி ஒத்திகை என்றைக்கு நடந்தது? எத்தனை நிமிடம் ஆயிற்று? எண்ணிக்கை சரியாக இருந்ததா? விடை இருந்தால் ஆசிரியருக்கு நன்றி சொல்லுங்கள். விடை இல்லையென்றால், அடுத்த ஒத்திகைக்கு நாள் குறித்து, தீர்மான ஏட்டிலே எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.

அந்த நாளில் நீங்களும் போய்ப் பள்ளி வாசலிலே நில்லுங்கள், கடிகாரத்தோடு. மணி அடிக்கட்டும். கடைசிப் பிள்ளை வெளியே வரும்வரை எண்ணுங்கள்.